முதல் வரியை நம்பாதவர்

என் அக்கா புருஷனுக்கு எங்கள் குடும்பத்தில் ‘பிராணி’ என்று பெயர். சந்தேகப் பிராணி என்று தினமும் முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமையில்லை. முன்பாதி தானாக உதிர்ந்துவிட்டது. நான் நேரில் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கொழுந்தியாள் என்ற சலுகையில் எப்போதாவது பிராணி மாமா என்றும் சொல்வதுண்டு. கோபித்துக்கொள்ள மாட்டார். இன்றைக்கு எதற்காக இப்படிக் கூப்பிடுகிறாள் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவர். ஒரு கட்டடத்தில் புதிதாக லிஃப்ட் போட்டால் இவர் கையெழுத்துப் போடாமல் ஒரு ஆள் அதில் ஏறக் கூடாது. முதலில் பெட்டியைக் காலியாக மேலே அனுப்பிக் கீழே வரவழைப்பார். அப்புறம் எடைக்கல் ஏற்றி அனுப்புவார். அப்புறம், தாங்கும் என்று பலகையில் எழுதியிருக்கும் எடைக்கு மேல் கால் பங்கு கூட ஏற்றி அனுப்புவார். கயிறு அறுந்தால் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கடித்துப் பிடித்துப் பெட்டியை நிறுத்துகிற இரும்புப் பல் ஒன்று உண்டு. கவ்வி என்பார். அது கவ்வுகிறதா என்று பார்க்காமல் வீட்டுக்கு வர மாட்டார். “லேசா ஓட்டிப் பாத்தா எல்லா லிஃப்ட்டும் நல்ல லிஃப்ட்தான்” என்று அடிக்கடி சொல்வார். அவர் கையெழுத்திட்ட லிஃப்டில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இந்த நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போவதில் பாதி அவர்மேல் எனக்குள்ள எரிச்சல்.

வேலையை வேலையிடத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியாது. எனக்குக் கல்யாணம் பேசியபோது, மாப்பிள்ளை சொன்ன கம்பெனியில்தான் அவர் வேலை பார்க்கிறாரா என்று அதன் வாசலுக்கு எதிரே மூன்று நாள் நின்றார். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அவரோடு ஒரே சோபாவில் உட்கார மாட்டார். நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு ஒருமுறை வந்தார். டாக்டர் பிடுங்கிக் காட்டிய பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது என்னோடதுதானா?” என்று கேட்டார். வரவேற்பு மேஜையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக் கூடியவை. மகள் விஷயம் அப்படியில்லை.

ஒரே மகள். சின்ன வயதில் செய்த சேட்டைக்கு வாலு என்று பெயர் வைத்தோம். முப்பது வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. அவள் வேறு ஊரில் வீடியோ கேம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். “விளையாட்டு செய்யறதுக்குச் சம்பளமா? யார் குடுப்பா? எதுக்குக் குடுப்பா?” என்று மாமா ஒரு வாரம் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தினால்தான் பயப்பட வேண்டும். அவள் அலுவலகத்துக்குப் போன் போட்டு, இந்தப் பெயரில் ஒரு பெண் அங்கே உண்மையிலேயே வேலை செய்கிறாளா என்று விசாரித்திருக்கிறார். ஒருமுறை இல்லை, மூன்று முறை. மூன்று விதமான குரலில். மூன்றாவது முறை அவளுடைய மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்களை யாராவது தொந்தரவு பண்றாங்களா? போலீஸ்ல சொல்லலாமா?” என்று கேட்டாராம். அவள் அந்த எண்ணை வாங்கிப் பார்த்திருக்கிறாள். அப்பாவின் எண்.

“குரலை மாத்தினவருக்கு நம்பரை மாத்தத் தோணல பாரு” என்று நான் போனில் சிரித்தேன். வாலு சிரிக்கவில்லை. “என்மேல நம்பிக்கை இல்லன்னா என்கிட்டயே கேட்டிருக்கலாமே சித்தி” என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அக்காவோடு பேசுவாள், என்னோடு பேசுவாள், அவரோடு ஒரு வார்த்தை கிடையாது. மாமாவும் இறங்கி வரவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று உட்கார்ந்திருந்தார். ஆனால் அக்கா மகளோடு பேசும்போதெல்லாம் பக்கத்து அறையில் டிவி சத்தம் குறையும். எதிர்வீட்டில் இருக்கிற எனக்கே அது தெரியும்.

இந்த வருஷம் அவள் வேலை செய்த விளையாட்டு வெளிவந்தது. இன்னும் பத்து நாளில் லீவு கிடைக்கிறது, வீட்டுக்கு வரலாமா என்று பார்க்கிறேன் என்றாள் அக்காவிடம். கூடவே ஒரு நிபந்தனை.

“அப்பா என் வேலையை உக்காந்து பாக்கணும்மா. அதுல ஒரு ஆறு வரும். அதைத் தாண்டற வரைக்கும் ஆடினா போதும். நான் கேள்வி கேப்பேன், அவர் பதில் சொல்லணும். வேற யாரையாவது ஆடவிட்டுட்டு ‘பாத்தேன்’னு சொன்னார்னா எனக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் நான் வர மாட்டேன்.”

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?

மறுநாள் கூரியரில் பெட்டி வந்தது. மாமா அதை மேஜையில் வைத்து நாலு பக்கமும் திருப்பினார். டேப்பைப் பிரிக்கவில்லை.

“எதுக்கு ஆறு வரைக்கும்? ஆத்துக்கு அந்தப் பக்கம் என்ன வெச்சிருக்கா?”

“முதலை வெச்சிருக்கா. பிரிங்க மாமா.”

“நீ ஏன் அவசரப்படறே?”

அக்கா சமையலறையிலிருந்து வந்து, ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோலை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். மூன்று வருஷமாக அவள் அதிகம் பேசாமல்தான் இருந்தாள். அது அவருக்கும் தெரியும். பிரித்தார்.

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் டிவியோடு இணைத்துக் கொடுத்துவிட்டுக் கதவருகே போய் நின்றுகொண்டார். பொத்தான்களை அழுத்தி ஆட்டத்தை நடத்துகிற கைப்பிடியை மாமா சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் பிடித்தார். இது சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை. நாம் ஒரு ஆளாகக் கதைக்குள் நுழைந்து நடக்க வேண்டும். யாரோடு பேசுவது, யாரை நம்புவது, எந்த வழியில் போவது எல்லாம் நம் பொறுப்பு. முதலில் அந்த ஆளை நாமே உருவாக்க வேண்டும். பலம், வசீகரம், அதிர்ஷ்டம், கூர்ந்து பார்த்தல் என்று பல குணங்கள். கொடுத்த புள்ளிகளை அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

“அதிர்ஷ்டத்துக்குப் புள்ளியா? அதிர்ஷ்டத்தை நம்பி எவனாவது லிஃப்ட்ல ஏறுவானா?” பூஜ்யம் போட்டார். வசீகரத்துக்கும் பூஜ்யம். எல்லாப் புள்ளியும் கூர்ந்து பார்த்தலுக்குப் போயிற்று.

“அச்சு அசல் நீங்களே மாமா” என்றேன்.

அடுத்த திரையில் நாலு வரி வந்தது. ஆட்டம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கச் சொன்னது. முதல் வரி, ‘துணையோடு’. அதன் கீழே சின்ன எழுத்தில்: இந்த மாதிரி விளையாட்டு இதுவே முதல்முறையா? இதிலிருந்து தொடங்குங்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது ‘இயல்பு’. மூன்றாவது ‘கடினம்’. நாலாவது ‘கருணை இல்லை’. அதற்கு விளக்கமே கிடையாது.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியை மூன்று தடவை படித்தார்.

“எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாமாம். அப்படின்னா இப்ப எதுக்குக் கேக்கறான்?”

அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

“முதல் வரி புதுசா வர்றவனைப் புடிக்கறதுக்கு. லேசா ஓட்டிக் காட்டி, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நம்பவெச்சிடுவான். குறையெல்லாம் மறைஞ்சிடும். அவ என்னைச் சோதிக்கறா. நான் முதல் வரியை எடுத்தா, ‘பாத்தியா, அப்பாவை ஏமாத்தியாச்சு’ன்னு அங்க சிரிப்பாங்க.”

“புதுசா ஆடறவருக்குன்னு போட்டிருக்கே மாமா, நீங்க புதுசுதானே?”

“நான் ஆட வரல. ஆய்வு பண்ண வந்திருக்கேன்.”

நாலாவது வரியை அழுத்தினார்.

அடுத்த ஏழு நாள் நடந்ததை நான் வேலை முடிந்து வந்து தினமும் சாயங்காலம் பார்த்தேன். கதை ஒரு மலைக் கிராமத்தில் தொடங்குகிறது. ஊர்த்தலைவர் வந்து, “அன்பரே, எங்கள் சத்திரத்தின் சாவியை உங்களிடம் ஒப்படைக்கிறேன்” என்றார். மாமா வாங்க மறுத்துவிட்டார். “முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட சாவியைக் குடுக்கறான்னா, உள்ள ஏதோ நடந்திருக்கு. பழியை என்மேல போடப் பாக்கறான்.” சாவி இல்லாததால் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. வெளியே படுத்தவரை ஓநாய் கடித்துத் தின்றது. மறுபடி முதலிலிருந்து.

ஆறு மலைக்குக் கீழே ஓடியது. இறங்க இரண்டு வழி. ஒன்று ஓநாய்கள் திரியும் மலைப்பாதை. இன்னொன்று, மரக்கூண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி, மேலே ஒரு பெண் சக்கரம் சுற்றி இறக்குகிற ஏற்பாடு. லிஃப்ட்தான். அவள் இவரைப் பார்த்து, “ஏறு, இல்லையென்றால் நகரு” என்றாள். மாமா நகர்ந்துவிட்டார்.

“கயிறு ஒண்ணே ஒண்ணு. எத்தனை எடை தாங்கும்னு பலகை இல்ல. கவ்வி எங்கே?”

“மாமா, அது படம்!”

“படத்துல விழுந்தா மட்டும் உயிரோட இருப்பானா?”

வாதத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் மலைப்பாதையில் அறுபத்து மூன்று தடவை செத்தார். ஒவ்வொரு சாவுக்கும் நோட்டில் ஒரு குறிப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு அந்த ஊரில் கோழிகூடச் சந்தேகத்துக்குரியது. எட்டாவது நாள் நோட்டில் நாற்பத்தொரு குறை சேர்ந்திருந்தது. ஆறு மட்டும் எட்டாக் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் வாலு அழைத்தாள். அக்கா போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசப் போகிறார்கள். அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, ஆத்துக்கு அந்தப் பக்கம் முதல்ல யாரைப் பாத்தீங்க?”

நலமா என்ற கேள்விகூட இல்லை. மாமா நோட்டைத் திறந்து, “மொத்தம் நாப்பத்தொண்ணு. குறை ஒண்ணு” என்று வாசிக்க ஆரம்பித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஒன்பதாவது குறையில் அவள் குறுக்கிட்டாள்.

“எந்த வரியை எடுத்தீங்க?”

“நாலாவது.”

“ஏன்?”

“லேசா ஓட்டிப் பாத்தா...”

“எல்லா லிஃப்ட்டும் நல்ல லிஃப்ட்தான். தெரியும்” என்றாள். “நாலாவதுல அந்தக் கூண்டுல ஏறினா கயிறு அறுந்துதான்ப்பா விழும்.”

“பாத்தியா!” என்று மாமா எங்களைப் பார்த்தார். அந்த முகத்தில் அவ்வளவு வெற்றி.

“அதைப் போட்டது நான் இல்ல. நாலாவது வரியை ரெண்டு பேர் ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டாங்க. ஓநாய்க்குப் பலத்தைக் கூட்டினாங்க, ஆடறவருக்குக் குறைச்சாங்க, கயிறை அறுத்துவிட்டாங்க. அவ்வளவுதான் வேலை. நான் மூணு வருஷமா செஞ்சது முதல் வரி. அதை மட்டும்தான். நீங்க அதுக்குள்ள காலே வெக்கல. பாக்காத ஒண்ணுக்கு நாப்பத்தோரு குறை எழுதியிருக்கீங்க.”

மாமா நோட்டை மூடினார்.

“அம்மா, நாளன்னைக்குக் காலைல வந்து சேர்ற மாதிரி டிக்கெட் இருக்கு. ஏறணுமா வேணாமான்னு எனக்கே தெரியல. வெச்சிடறேன்.”

அக்கா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா என்னைப் பார்த்து, “முதல் வரின்னா ஒண்ணும் தெரியாதவனுக்குன்னு நெனச்சேன்” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “உங்களுக்கு என்ன தெரியும்? அவளைப் பத்தி என்ன தெரியும் உங்களுக்கு? வாசல்ல நின்னு பாக்கத் தெரியும், போன் போட்டு வேவு பாக்கத் தெரியும். உள்ள போய்ப் பாத்தீங்களா ஒரு நாளாவது?” என்று கத்திவிட்டேன். முப்பது வருஷத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. எதற்காகப் பேசுகிறாள் என்று இந்தத் தடவை அவர் யோசிக்கவில்லை.

மறுநாள் நான் லீவு போட்டேன். காலை எட்டு மணிக்குப் போனபோதே டிவி முன்னால் இருந்தார். நாலு வரி திரையில் நின்றது. கட்டைவிரல் முதல் வரிமேல் இருந்தது, அழுத்தவில்லை.

“அழுத்தினா ஆள் செத்துட மாட்டான் மாமா.”

“இதுல சாவறதுக்கு வழியிருக்கான்னுதான் பாக்கணும்” என்று சொல்லி அழுத்தினார்.

அப்போதும் நம்பவில்லை. முதல் ஓநாய் கடித்துச் செத்தார். இரண்டாவது தடவையும் செத்தார். மூன்றாவது தடவை ஓநாய் பாயும் முன் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து ஊளையிட்டது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது முன்னாடி சத்தம் போடலையே.” ஓநாயை விரட்டிவிட்டு, சும்மா இருக்காமல், வேண்டுமென்றே திரும்பிப் போய்க் கடிபட்டார்.

“ஏன் மாமா?”

“கயிறை அறுத்துப் பாத்தாத்தானே கவ்வி தெரியும்?”

அதற்கப்புறம் வேண்டுமென்றே ஒவ்வொரு தப்பாகச் செய்தார். வழி தவறிப் போனார். கொஞ்ச தூரத்தில் ஒரு ஆட்டுக்காரர் எதிரே வந்து, தன் போக்கில் பேசுவதுபோல் சரியான வழியைச் சொல்லிவிட்டுப் போனார். சாவியை மறுத்தார்; ஊர்த்தலைவர் கோபப்படாமல் அதைச் சத்திரக் கதவிலேயே தொங்கவிட்டுவிட்டார். மருந்தையெல்லாம் வீணாக்கினார், அடுத்த வளைவில் ஒரு குடிசை ஜன்னலில் மருந்துக் குப்பி இருந்தது. எதுவும் ‘உனக்கு உதவுகிறேன்’ என்று சொல்லவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்காவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது. புதுப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக்கொண்டே வந்தார். மத்தியானத்துக்குள் ஏழு.

பிறகு அந்த மரக்கூண்டு. வழக்கம்போல் ஏறாமல் நின்றார். சக்கரம் சுற்றும் பெண்ணும் பேசாமல் நின்றாள். நகரு என்று சொல்லவில்லை. இவர் இரண்டு நிமிஷம் அசையாமல் நின்றதும் அவள் தானாகச் சக்கரத்தைச் சுற்றினாள். கூண்டு காலியாகக் கீழே போயிற்று. தரையைத் தொட்டது. காலியாக மேலே வந்தது. “பார்த்தாயிற்றா? இப்போது ஏறு” என்றாள்.

மாமா கைப்பிடியை மடியில் வைத்துவிட்டார்.

“காலியா அனுப்பிக் காட்டறா” என்றார். “நான் கேக்கவே இல்ல. நின்னேன், அவ்வளவுதான். அவளா காலியா அனுப்பிக் காட்டறா.”

அக்கா அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இது தெரியக் கூடாது. ஏறினவனுக்குத் தெரியாம இருக்கறதுதான் நல்ல கவ்வி. எவன் எங்க தப்பு பண்ணுவான், எவன் எங்க பயந்து நிப்பான்னு முன்னாடியே நெனச்சு, அங்கங்க கொண்டுபோய் வெச்சிருக்கா. மூணு வருஷமா உக்காந்து இதைச் செஞ்சிருக்கா. நான் போன் போட்டு, அவ அங்க வேலை செய்யறாளான்னு கேட்டிருக்கேன்.” அவர் வெட்கப்பட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கூண்டில் ஏறி இறங்கினார். சாயங்காலத்துக்குள் ஆற்றைத் தாண்டிவிட்டார்.

“போன் பண்ணிச் சொல்லுங்க” என்றாள் அக்கா.

“வேணாம். என் போனுக்கு அங்க என்ன மரியாதை?”

“அப்ப அவ வர மாட்டா.”

“தெரியும்” என்றார். ஆனால் போனைத் தொடவில்லை.

அடுத்த நாள் காலை வண்டி வந்து சேரும் நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆயிற்று. மாமா சட்டை மாற்றிக்கொண்டு நாற்காலியில் இருந்தார். வாசல் மணி அடித்தபோது அக்கா ஓடினாள். அவர் அவளைத் தாண்டி ஓடினார். நான் என் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன்.

வாலு படிக்கட்டில் பையோடு நின்றாள். இளைத்திருந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை.

“ஆத்தைத் தாண்டினீங்களா?” என்றாள்.

“தாண்டினேன். முதல் வரியில” என்றார். “நானா தாண்டல. நீ தாண்டவெச்சே. அந்த மூணு போனும் தப்பு. உன்கிட்ட கேட்டிருக்கணும்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்படியே அவர் பார்வை. “நெஜமா நீங்களேதான் ஆடினீங்களா?”

“எட்டு எடத்துல கவ்வி வெச்சிருக்கே. எட்டையும் அறுத்துப் பாத்தேன். எட்டும் பிடிச்சுது.”

“எட்டு இல்லப்பா. பதினாலு.”

மாமாவின் புருவம் நெரிந்தது. கண் சின்னதாயிற்று. முப்பத்தோரு வருஷம் எத்தனையோ பொறியாளர்களை நடுங்கவைத்த அதே முகம்.

“மீதி ஆறு எங்கே?”

வாலு பையை வாசற்படிக்கு உள்ளே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். “நகருங்க, காட்டறேன்” என்றாள்.